கீழ்மதகின் கம்பி

என் கல்யாணத்துக்கு முந்தின நாளே அந்த மனிதர் என்னைக் காக்க வைத்தார். பெண்ணழைப்பு வண்டி ஏரிக்கரைமேல் போய்க்கொண்டிருந்தது. என் பிறந்த ஊரான கீழூரிலிருந்து, நான் வாழ்க்கைப்பட்ட மேலூருக்கு அந்தக் கரை ஒன்றுதான் வழி. கரைக்கு நடுவே, முண்டாசும் கோவணமுமாக ஒடிசலான ஓர் ஆள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். வண்டிக்காரர் சத்தம் போட்டுப் பார்த்தார். மேளக்காரர்கள் இன்னும் ஓங்கி அடித்துப் பார்த்தார்கள். அவர் அசையவே இல்லை. தன் தலையின் நிழல் விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட அடிவைத்து அளந்துகொண்டு போனார். பிறகு மதகில் இறங்கி, கம்பியை அழுத்தி அடைத்துவிட்டு வந்தார்.

"இன்னாடா இது, நல்ல காரியத்துக்குப் போறோம், கண்ணு தெரியல?" என்றார் என் நைனா.

"தெரியுதுங்க. பன்னெண்டு அடி ஆயிடுச்சு. இனி ஓடற தண்ணி உங்களுது இல்லீங்க" என்றார் அவர்.

அவர் அடைத்தது கீழ்மதகு. என் நைனாவின் கழனிக்குத் தண்ணீர் போகும் மதகு. மணப்பெண்ணைக் கரையில் நிறுத்தி வைத்து, அவள் அப்பனுக்குப் போகும் தண்ணீரை அவள் கண்ணெதிரே அடைத்த மனிதரைப் பற்றி எனக்கு என்ன நல்ல எண்ணம் வரும்? சனியன் பிடித்த கிழம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே புகுந்த வீட்டுக்குப் போனேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அவருக்கு அப்படியொன்றும் வயதாகியிருக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தண்ணீரிலும் வெயிலிலும் ஊறின உடம்பு அப்படி ஆகிவிட்டிருந்தது.

அவரை எல்லாரும் நீர்கட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். ஏரித் தண்ணீரைத் திறந்து அடைத்துப் பங்கு விடுகிறவர். அவருக்குக் காணி நிலம்கூடக் கிடையாது, இருக்கவும் கூடாது. நிலம் இருக்கிறவன் கை தன் கழனிக்கே நீளும் என்று எந்தக் காலத்திலோ இரண்டு ஊரும் கூடிப் போட்ட கட்டுப்பாடு அது. அறுவடையில் கழனிக்கு ஒரு கட்டு, கதிரோடு, அவருக்கு. அதுதான் சோறு. எங்கள் ஏரிக்கு இரண்டு மதகு. தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துத்தான் திறப்பார்கள். காலை வெயில் ஏறியதிலிருந்து நிழல் காலடியில் வந்து சுருங்கும்வரை மேல்மதகு, மேலூருக்கு. உச்சி சாய்ந்ததிலிருந்து நிழல் பன்னிரண்டு அடியாகும்வரை கீழ்மதகு, கீழூருக்கு. அளப்பது அவர் நிழலை, அவர் பாதத்தால். மேகம் மூடிய நாளில் ஊரே வந்து கெஞ்சினாலும் வெயில் முகம் காட்டும்வரை எந்த மதகையும் தொடமாட்டார்.

என் மாமனாருக்கு இது பிடிக்கவே இல்லை. மேலூரில் பெரிய வீடு எங்களுடையது. உயரமானவனுக்கு நிழலும் நீளம், பாதமும் நீளம், யார் அளந்தால் என்ன என்று ஒருநாள் அவரே கரையில் நின்று அளந்து காட்டினார். எப்படி அளந்தாலும் மேலூருக்குச் சாதகமாகவே அரை அடி வந்தது. நீர்கட்டி மறுத்துப் பேசவில்லை. "பெரியய்யா நெழலு பெரியய்யாவுக்கு. ஏரிக்கு என்னுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு நாள் மாமனார் அவரைக் கூப்பிட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் உட்காரவைத்து, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போடச் சொன்னார். நான்தான் இலையில் போட்டேன். நன்றாகத் தின்றார். தண்ணீருக்குக் கையை ஏந்தினார். நான் சொம்பை எட்டத் தூக்கிப் பிடித்து ஊற்றினேன். அப்போது அதுதான் வழக்கம், நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு ஊர் கழனிக்கும் தண்ணீர் விடுகிற மனிதருக்கு எங்கள் வீட்டுச் சொம்பில் வாய் வைக்க வழியில்லை. அவர் குடித்து முடித்ததும் மாமனார் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏண்டா, அந்த மேட்டுக் கழனிக்கு ஒரு அரைநேரம் கூட விட்டா இன்னா கொறஞ்சி பூடும்?"

"துன்னது உங்க வூட்டு சோறுங்க. அதுக்கு வேணும்னா கொல்லையில வெறகு பொளந்து போட்டுட்டுப் போறேன். தண்ணி என்னுது இல்லீங்களே, குடுக்கறதுக்கு."

சொன்னபடியே விறகு பிளந்து அடுக்கிவிட்டுத்தான் போனார். மாமனார் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த நேர்மையை நான் மெச்சிச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். சில சமயம் அது பார்க்கவே பயமாக இருக்கும். அவருடைய ஒரே மகளைக் கீழூரில் கொடுத்திருந்தார். மருமகன் கடைமடையில் ஒரு துண்டு நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிரிட்டிருந்தான். தண்ணீர் முன் கழனிகளைத் தாண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் பன்னிரண்டு அடி ஆகிவிடும். ஒரு வருஷம் பயிர் பூட்டை வாங்கிக் கதிர் வைக்கும் சமயம். மகள் வயிற்றுப்பிள்ளையோடு மதகடியில் வந்து நின்றுகொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் விடு நைனா என்று அழுதாள். நான் கழனிக்குக் கூழ் கொண்டுபோகும்போது இதைப் பார்த்தேன். அவர் அளந்தார். பன்னிரண்டு அடி. மகளைப் பார்க்காமல் இறங்கி அடைத்தார். அந்தப் பயிர் காய்ந்துபோனது. மகளும் மருமகனும் மெட்ராஸுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. "பெத்த பொண்ணுக்கே விடாதவன்" என்று இரண்டு ஊரும் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டன. அவர் பெண்சாதி மட்டும் ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை.

என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னாலேதான் ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்திருந்தது. இரண்டு ஊரும் அதில்தான் இருந்தன. பேசுவது தமிழ், மனு எழுதுவது தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும் என்று காலம் போய்க்கொண்டிருந்தது. சில வருஷம் கழித்து எல்லையைப் பேசித் தீர்த்துவிட்டார்கள் என்றார்கள். திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. நகரியும் புத்தூரும் இங்கேயே நின்றன. எங்கள் பக்கம் கோடு எங்கே போனதென்றால், ஏரிக்கரையின் அடிவாரத்தில். ஏரியும் மேலூரும் ஆந்திரா. கீழூரும் அதன் கழனிகளும் மெட்ராஸ். நான் பிறந்த வீட்டுக்கு நடந்துபோனால் அரை மணி நேரம்கூட ஆகாது, அது வேறு ராஜ்யமாகிவிட்டது.

சங்கிலி பிடித்து அளக்க வந்தவர்கள் கல் நடுவதற்கு நீர்கட்டியைத்தான் கூப்பிட்டார்கள். எல்லைக் கல்லுக்கு அவர்தான் குழி தோண்டினார். கல் ஒருபக்கம் சாயாமல் கூழாங்கல் போட்டுக் கெட்டித்து, தூரப்போய் நின்று பார்த்து, திரும்ப வந்து சரிசெய்தார். "கல்லுலயும் நேரா நிக்குதுடா உன் புத்தி" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். அவரும் சிரித்தார்.

அதன்பிறகு மழை பொய்த்தது. ஏரி பாதிதான் நிரம்பியது. நெல் பால் பிடிக்கிற சமயத்தில் மேலூர் ஆம்பிளைகள் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். நீர்கட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வாசற்படிக்கு வெளியே நின்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இனிமே கீழ்மதகு தெறக்க வாணாம். அது வேற ராஜ்யம். நம்ம தண்ணி அவனுங்களுக்கு எதுக்கு?" என்றார் மாமனார்.

"அப்பிடிங்களா. அவங்க கழனி எங்கியும் போவலீங்களே, அங்கியேதான் கீது."

"கோடு போட்டது தெரியாதா உனக்கு? நீதானடா கல்லு நட்டே."

"நட்டேன். கல்லுக்கு இன்னா முறைன்னு யாரும் சொல்லலீங்க. தண்ணிக்கு முறை எனக்குத் தெரியும்."

மறுநாளும் உச்சி சாய்ந்ததும் கீழ்மதகைத் திறந்தார். அவரை அடிக்கலாம் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். மாமனார் தடுத்துவிட்டார். அவர் வேறு வழி வைத்திருந்தார்.

மதகு என்றால் இரண்டு கல் தூணுக்கு நடுவே ஒரு நீள இரும்புக் கம்பி. தண்ணீருக்கு அடியில், கரையைத் துளைத்துப் போகும் ஓட்டையை ஒரு கட்டை அடைத்திருக்கும். அந்தக் கட்டையின் வளையத்தில் கம்பியின் கொக்கி மாட்டியிருக்கும். மேலிருந்து கம்பியை இழுத்தால் தண்ணீர் போகும். ஒருநாள் விடிந்ததும் என் மாமனாரும் வீட்டுக்காரரும் போய் மேலிருந்தே திருகிக் கொக்கியைக் கழற்றிக் கம்பியைத் தூக்கிவந்து, எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் மறைத்துவிட்டார்கள். சாணி அள்ளிக்கொண்டிருந்த நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கம்பி வெளியே போச்சுன்னா, நீயும் கூடவே கீழூருக்குப் போயிடு. புள்ள இங்க இருக்கும்" என்றார் மாமனார். என் மகனுக்கு அப்போது ஆறு மாசம்.

நான் தலையை ஆட்டினேன். கீழே காய்வது என் நைனா பயிர். முந்தின வாரம்தான் அவர் கரையோரம் வந்து, "கதிரு வெளிய வந்துட்டுது பாப்பா. நாலு முறை தண்ணி கெடச்சா போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

இரண்டு நாள் கீழ்மதகு திறக்கவில்லை. நீர்கட்டி அந்த இரண்டு நாளும் மேல்மதகை மட்டும் குறித்த நேரத்துக்குத் திறந்து, குறித்த நேரத்துக்கு அடைத்தார். மேலூர்க்காரர்கள் தன்னை ஏய்த்தார்கள் என்று அவர்கள் முறையில் ஒரு விரற்கடைகூடக் குறைக்கவில்லை. மீதி நேரமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கம்பியைக் கேட்டார். எல்லா வீட்டிலும் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் உச்சிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆம்பிளைகள் கழனியில் இருந்தார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"சின்னம்மா, கம்பி உங்க வூட்ல கீதா?"

அவர் குரலில் கோபமே இல்லை. வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாம எங்கியாச்சும் வெச்சிருப்பாங்களா?"

"இல்ல. இங்க இல்ல. எனக்குத் தெரியாதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பொய் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தக் கூடாது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. கொட்டகையில் மாடு வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. அது இழுக்க இழுக்கக் கம்பி வெளியே தெரிந்துவிடுமோ என்று என் உயிர் போய்க்கொண்டிருந்தது.

"சரிங்க" என்றார். பிறகு எங்கள் தெருவிலேயே வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் நிழலை அளந்தார். "நாலடிதான் ஆவுது. இன்னும் எட்டடி கீது. அதுக்குள்ள தெறந்தா இன்னிக்கு முறை பூடாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

அதற்கப்புறம் நடந்ததைக் கீழூர்க்காரர்கள் சொல்லித்தான் கேட்டேன். கால்வாய் ஓரம் என் நைனாவும் இன்னும் சிலரும் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று தண்ணீர் வந்தது. செத்தைகளைத் தள்ளிக்கொண்டு நல்ல வேகத்தோடு வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்ப ஓடினார்கள். அவர்கள் ஓடிப்போய்ச் சேருவதற்குள் தண்ணீர் மெலிந்து, கசிந்து, நின்றுபோனது. மேலூர்க்காரன் வந்து அடைத்துவிட்டான் என்று தடியோடு கரையேறினார்கள். கரையில் ஒரு ஆளும் இல்லை. மதகுத் தூணின்மேல் ஒரு முண்டாசுத் துணி மட்டும் நான்காக மடித்து வைத்திருந்தது. என் நைனாவுக்குத்தான் முதலில் புரிந்தது. தடியைப் போட்டுவிட்டுக் குதித்தார்.

நீர்கட்டி அடியில் போய்க் கட்டையைக் கையால் பிடுங்கியிருக்கிறார். பிடுங்கியதும் ஓட்டை அவர் கையைத் தோள்வரை உள்ளே இழுத்துக்கொண்டது. மேலே இரண்டு ஆள் தண்ணீர். கயிறு கட்டி ஆறு பேர் இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

அவரை எடுத்ததும் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. கட்டை எங்கேயோ போய்விட்டது. இறங்கி ஓட்டையை அடைக்க இரண்டு ஊரிலும் ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. ஏரி காலியாகும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. கீழூர்ப் பயிர் முழுக்கப் பிழைத்தது, என் நைனா பயிரும்தான். மேலூரில் பாதிக்கு மேல் பதராகிவிட்டது.

போலீஸ்காரர் வந்து கரையில் வைத்தே எழுதினார். "மனிஷி பேரு செப்பண்டி" என்றார். நீர்கட்டிக்குத் தெலுங்கில் நீருகண்டி, அதையே சொன்னார்கள். அது தொழில், ஆளுடைய பேர் என்ன என்று திரும்பக் கேட்டார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. தினமும் அவர் முகத்தில் விழித்த இரண்டு ஊரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. அவர் பெண்சாதியைக் கேட்டார்கள். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. செத்துக் கிடக்கும்போதும் சொல்லவில்லை. உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிப்போன அந்தக் கையிலிருந்து பாசியை வழித்து வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்திலும் நீருகண்டி என்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் கரைக்குப் போகவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய் சொன்னேன்.

அறுவடை முடிந்து அவர் பெண்சாதி எங்கள் களத்துக்கு வந்தாள், வழக்கமான கட்டுக்கு. களத்தில் நான் மட்டும் இருந்தேன். ஒன்றுக்கு இரண்டு கட்டாக எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து ஓரமாக நகர்த்தினாள்.

"ஒண்ணுதான் எங்களுது சின்னம்மா. அதுக்கு மேல வாங்குனா அவருக்கு ஆவாது."

சும்மாடு சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னிக்கு மத்தியானம் கூழு குடிக்க வந்தாரு. ‘ஊரே பொய் சொல்லுதுடி’ன்னாரு. ‘பெரிய வூட்ல கேட்டியா’ன்னேன். ‘கேட்டேன், சின்னம்மாவே இல்லன்னு சொல்லிடுச்சு. அது கீழூரு பொண்ணு, அதோட அப்பன் பயிரு காயுது, அது பொய் சொல்லாது. அப்ப கம்பிய ஏரிக்குள்ளதான் போட்டிருக்கானுங்க. முழுகிப் பாக்கறேன், கம்பி கெடைக்கலன்னா கட்டைய கையால எடுத்துட்டு வரேன்’னு போனாரு."

நான் கதிர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் காலில் விழுந்திருக்கலாம்.

"ஏரி வத்திப்போச்சு இல்ல சின்னம்மா. நானே சேத்துல எறங்கி, மதகடியில மூணு நாளு தேடினேன். கம்பி இல்ல."

இப்போது என்னைப் பார்த்தாள். அவர் அன்றைக்கு வாசலில் பார்த்த மாதிரியே பார்த்தாள்.

"இல்லையா" என்றேன்.

அவள் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். அந்தக் கட்டு, பிரிக்காமல், எங்கள் படியில் கிடந்தது.